தார்க்குச்சியும் மைக்செட்டும்

மாப்ள, திருப்பூர்ல பனியன் கம்பெனி நடத்துற ஆளு, இந்தக் கரிசக்காட்டுக்கு வந்து என்கிட்ட யோசனை கேக்குறே. சந்தோஷம். ஆனா கேட்ட லட்சணம் இருக்கே! "மாமா, நம்ம பயலுகளுக்கு மோட்டிவேஷனே இல்லை. சென்னையில இருந்து ஒரு பேச்சாளரைக் கூட்டியாந்து ரெண்டு மணி நேரம் பேச வைக்கலாம்னு இருக்கேன்"னு சொன்னே. அவரு வாங்குற தொகையையும் சொன்னே. கேட்டதும் எனக்கே ஊக்கம் பொத்துக்கிட்டு வந்துருச்சு. இந்த வயசுல மைக்கைக் கன்னத்துல ஒட்டிக்கிட்டு நாமளும் கிளம்பிரலாமான்னு யோசிச்சேன். உங்க அத்தைதான், "வீட்டுல பேசுறதையே யாரும் கேக்கலை"ன்னு ஒரே வார்த்தையில உக்கார வச்சுட்டா.

காசு உன் காசு. அதைக் கொடுக்காதன்னு நான் சொல்ல மாட்டேன். கொடுக்குறதுக்கு முன்னாடி இந்தக் கிழவன் சொல்றதையும் ஓசியில கேட்டுக்க. கமலை இறைச்சவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்காத. என் பேத்தி மதுரையில சைக்காலஜி படிக்கிறா. லீவுக்கு வந்தா பாடத்தைச் சத்தம் போட்டுப் படிப்பா. நான் கயித்துக் கட்டில்ல கண்ணை மூடிக் கெடப்பேன். தாத்தா தூங்கிட்டார்னு அவளுக்கு நினைப்பு. கண்ணை மூடிக் கெடக்குறவன் காதுக்கு எதுவும் தப்பாது. அறுபது வருஷக் குடித்தனத்தை நான் இப்படித்தான் ஓட்டியிருக்கேன்.

முதல்ல வயித்துக்கு வருவோம். பசின்னா என்னன்னு கண்டுபிடிக்கணும்னு அமெரிக்காவுல வால்டர் கேனன்னு ஒரு விஞ்ஞானிக்கு ஆசை. சித்திரை மாசத்துல நம்ம ஊருப் பக்கம் வந்திருந்தா யாராவது சொல்லியிருப்பாங்க. அவரு 1912-ல தன் சீடன் வாஷ்பர்னை ஒரு பலூனை முழுங்க வச்சார். பலூனுக்குள்ள காத்து, அதுல இருந்து ஒரு குழாய், குழாய் முனையில கோடு கிழிக்கிற கருவி. வயிறு சுருங்குறப்போ கோடு ஏறும். பசிக்குதுன்னு வாஷ்பர்ன் பொத்தானை அமுக்குவாரு. ரெண்டும் ஒத்துப்போச்சு. பசி வயித்துலதான் குடியிருக்குன்னு எழுதிட்டாங்க. அப்புறம் பாத்தா, ஆபரேஷன்ல இரைப்பையையே எடுத்தவங்களுக்கும் பசிச்சுது. சரி, மூளையைத் தேடுன்னு கிளம்பினாங்க. கொழுப்புல இருந்து கிளம்பி "போதும்"னு சேதி சொல்ற லெப்டினை 1994-லயும், இரைப்பையில இருந்து "இன்னும் போடு"ன்னு கேக்குற கிரெலினை 1999-லயும் கண்டுபிடிச்சாங்க. அதுல எனக்குப் பிடிச்சது அந்த "போதும்"தான். உடம்புக்குப் போதும்னு சொல்லத் தெரியும். உன் ஏற்றுமதிப் பார்ட்டிக்குத் தெரியுமா?

போதும்னு சொல்ற அளவுக்குக் கிடைக்காதவன் கதை ஒண்ணு இருக்கு, இதைக் காதைத் தீட்டிக் கேளு. ரெண்டாம் உலக யுத்தம் நடந்துக்கிட்டு இருக்கு. மினசோட்டா பல்கலைக்கழகத்துல ஆன்சல் கீஸ்னு ஒருத்தரு, 1944 கடைசியில 36 வாலிபப் பசங்களைச் சேர்த்தாரு. எல்லாம் திடகாத்திரமான ஆளுக. அங்க உள்ள கால்பந்து மைதானத்துக்கு அடியிலதான் அவங்களுக்கு ஜாகை. கொஞ்ச நாள் நல்லாப் போட்டாங்க. அப்புறம் 24 வாரத்துக்கு அரை வயித்துச் சோறு. உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி, அவ்வளவுதான். சும்மா படுத்துக் கெடக்கவும் விடலை, வாரத்துக்கு 22 மைல் நடக்கணும். உடம்புல கால்வாசி எடை போயிருச்சு.

எடை போனதை விடு. மனசுல இருந்து என்னென்ன போச்சுங்கிறதுதான் சேதி. படிப்புல நாட்டம் போச்சு. உலக நடப்பைப் பேசிக்கிட்டு இருந்தவன் வாயை மூடிட்டான். பொண்ணுக மேல இருந்த ஆசை காணாமப் போச்சு, இருபது சொச்சம் வயசுப் பயலுகளுக்கு! மிஞ்சினது ஒண்ணே ஒண்ணுதான். சோறு. சமையல் புஸ்தகத்தை வாங்கி ராத்திரி பகலாப் படிச்சான். கனவுலயும் சாப்பாடு. தட்டை நக்கினான். சாப்பாட்டை மணிக்கணக்கா வச்சுக் கலந்து, கெளறி, ஆறவிடாமத் தின்னான். வாய்க்கு ஏதாவது வேணுமேன்னு சூயிங்கத்தைப் பாக்கெட் பாக்கெட்டா மென்னான். அந்த நேரத்துல உன் பேச்சாளர் போய், "கனவு காணுங்கள்"னு சொல்லியிருந்தா, "கண்டுக்கிட்டுத்தான் இருக்கோம், வறுத்த கோழி"ன்னு பதில் வந்திருக்கும்.

ஒடிசாவுல இருந்தும் பீகார்ல இருந்தும் வந்து, ஒரு ரூமுக்கு ஏழெட்டுப் பேராத் தங்கி, காலையில எட்டரைக்கு உன் பவர்டேபிள்ல வந்து உக்காருறானே, அந்தப் பய என்னத்தைத் தின்னுட்டு வந்தான்னு என்னைக்காவது கேட்டிருக்கியா? பதினோரு மணி டீக்கும் பன்னுக்கும் அவன் எதுக்குக் கடியாரத்தைப் பாக்குறான்னு மட்டும் சூப்பர்வைசர் புகார் எழுதுறான். அந்தப் பன்னுதான் அவனுக்குக் காலைச் சாப்பாடே.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இது மினசோட்டாவுல இருந்து வரவேண்டிய சேதி இல்லை. காமராஜர் 1956-ல பள்ளிக்கூடத்துல மதியச் சோறு போட்டாரு. எம்.ஜி.ஆர். 1982-ல அதைச் சத்துணவுன்னு விரிச்சாரு. 2022 செப்டம்பர்ல நம்ம மதுரை சிம்மக்கல்லுல, ஆதிமூலம் பள்ளிக்கூடத்துல, ஸ்டாலின் காலைச் சாப்பாட்டை ஆரம்பிச்சு வச்சாரு. கட்சி எதுவா இருந்தா என்ன, மூணு பேரும் பிள்ளைகளுக்குப் படிப்போட பெருமையைப் பத்திப் பிரசங்கம் பண்ணி ஆள் சேர்க்கலை. தட்டைக் காட்டினாங்க, பிள்ளை வந்துச்சு.

இப்ப நீ, "இதைத்தான் மாமா மாஸ்லோ சொல்றாரு"ம்பே. தெரியும், உன் பேச்சாளர் மூணாவது நிமிஷத்துல அந்த முக்கோணத்தைத் திரையில போடுவாரு. அடித்தட்டுல சோறு தண்ணி தூக்கம், அதுக்கு மேல பாதுகாப்பு, அப்புறம் சொந்தபந்தம், அதுக்கு மேல மரியாதை, உச்சியில தன்னைத் தான் முழுசா ஆக்கிக்கிறது. ஆப்ரகாம் மாஸ்லோ 1943-ல எழுதின கட்டுரையில இந்த அஞ்சும் இருக்கு. முக்கோணம் இல்லை. அதை அப்புறமா வந்த மேனேஜ்மென்ட் ஆளுக வரைஞ்சாங்க. அவரு, இந்த வரிசை இரும்பு இல்லை, ஆளுக்கு ஆள் முன்னப்பின்ன வரும்னு எழுதியிருக்காரு. படம் வரைஞ்சவன் அந்த வரியை மட்டும் விட்டுட்டான். படத்துக்கு முன்னப்பின்ன நிக்கத் தெரியாதுல்ல.

அந்தப் படத்தை அப்படியே நம்பினா, வயிறு நிறைஞ்சதுக்கு அப்புறம்தான் மனுசனுக்கு மானமும் கொள்கையும் வரணும். அப்ப அந்த 36 பேரு யாரு? துப்பாக்கி தூக்க மாட்டோம், மனசாட்சி ஒப்பலைன்னு பட்டாளத்துக்குப் போக மறுத்தவங்க. "யுத்தத்துல பட்டினி கெடக்குற சனங்களை எப்படிச் சோறு போட்டுத் தேத்துறதுன்னு தெரிஞ்சுக்க எங்க வயித்தை வச்சுப் பாருங்க"ன்னு தாங்களா வந்து கை தூக்கினவங்க. உச்சித் தட்டுல நின்னுக்கிட்டு அடித்தட்டை உதைச்சுத் தள்ளின ஆளுக.

அம்புட்டுத் தூரம் எதுக்கு? விருதுநகர்க்காரர் ஒருத்தர் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட அதே 1956-ல, அதே விருதுநகர்ல சங்கரலிங்கனார் சோத்தை ஒதுக்கி உக்காந்தாரு. இந்த ராஜ்யத்துக்குத் தமிழ்நாடுன்னு பேர் வைக்கணும்ங்கிறது அவரு கேட்டதுல முக்கியமான ஒண்ணு. 70 நாளுக்கு மேல தாங்கி, அக்டோபர்ல கண்ணை மூடினாரு. பேரு மாற 1969 ஆச்சு. சோறு போட்டது சரியா, சோத்தை விட்டது சரியான்னு பட்டிமன்றம் வைக்காத. வயித்தைக் கவனிக்காம மனுசனை நகத்த முடியாது. ஆனா வயித்தை மட்டும் காட்டியும் அவனை நகத்திர முடியாது.

அடுத்து தார்க்குச்சிக்கு வர்றேன். நீ பாத்திருக்க மாட்டே, டிராக்டர் காலத்துல பொறந்தவன். நுனியில ஆணி அடிச்ச கம்பு. வண்டி மாடு சுணங்கினா பின்பக்கம் ஒரு குத்து. மாடு நகரும். அந்த இடத்துல யாருக்கு ஊக்கம் இருந்துச்சுன்னு சொல்லு, மாட்டுக்கா எனக்கா? சந்தைக்குப் போகணும்ங்கிறது என் ஆசை. மாட்டுக்கு ஒரே ஒரு ஆசைதான், இன்னொரு குத்து விழாம இருக்கணும். பிரெடெரிக் ஹெர்ஸ்பர்க்னு ஒரு வாத்தியார் 1968-ல ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவுல இதையே நாயை உதைக்கிற கதையா எழுதினாரு. பின்னால நின்னு குத்துறது மட்டுமில்லை, முன்னால நின்னு தீனியைக் காட்டுறதும் அதே வகைதான்னாரு. ஆணி வெளிய தெரியாது, அம்புட்டுத்தான் வித்தியாசம்.

அந்த ஹெர்ஸ்பர்க் அதுக்கு முன்னாடி பிட்ஸ்பர்க்ல இருநூறு பேர்கிட்ட, இன்ஜினியருக, கணக்குப்பிள்ளைக, "எப்ப வேலையில மனசு நிறைஞ்சுச்சு, எப்ப வெறுத்துச்சு"ன்னு கேட்டு 1959-ல புஸ்தகமாப் போட்டாரு. வெறுத்ததுக்குச் சொன்ன காரணம் ஒரு பக்கம், கம்பெனிச் சட்டதிட்டம், மேலதிகாரி, வசதி, சம்பளம். நிறைஞ்சதுக்குச் சொன்ன காரணம் வேற பக்கம், ஒண்ணைச் செஞ்சு முடிச்சது, அதை நாலு பேரு ஒத்துக்கிட்டது, அந்த வேலையே பிடிச்சிருந்தது. இதை உன் கம்பெனி பாஷையில சொல்றேன். கக்கூஸ் சுத்தமா இருந்தா எவனும் உன்னைக் கும்பிட மாட்டான். நாறினா, பெட்டியைக் கட்டி அடுத்த கம்பெனிக்குப் போயிருவான். உன் கக்கூஸுக்கு நானும் போயிருக்கேன் மாப்ள. அதைப் பத்தி மேல பேச வேண்டாம், சாப்பிடுற நேரம்.

"காசை அள்ளிவிட்டா எல்லாம் நடக்கும் மாமா"ன்னு அன்னைக்குச் சொன்னே. அதையும் சோதிச்சுப் பாத்துட்டாங்க, அதுவும் எங்க? நம்ம மதுரைப் பக்கத்துலயே. டான் ஏரியலின்னு ஒரு ஆராய்ச்சிக்காரரும் இன்னும் மூணு பேரும், கிராமத்து ஆளுக 87 பேரைப் பிடிச்சு ஆறு விளையாட்டு ஆட வச்சாங்க. பந்தைக் குழியில விழாம வளைச்சு உருட்டுறது, வரிசையாச் சொல்ற எண்ணுல கடைசி மூணை ஞாபகமாத் திருப்பிச் சொல்றது, இந்த மாதிரி. நல்லா ஆடினா காசு. ஒரு கூட்டத்துக்கு ஒரு ஆட்டத்துக்கு 4 ரூபாய். இன்னொண்ணுக்கு 40. மூணாவது கூட்டத்துக்கு 400. ஆறு ஆட்டத்துலயும் ஜெயிச்சா 2,400. அந்த ஊருல ஒரு ஆளோட கிட்டத்தட்ட அஞ்சு மாசச் செலவு அது. அமெரிக்காவுல இவ்வளவு பெரிய ஆசையைக் காட்ட அவங்களுக்குக் கட்டுபடியாகாது, அதனாலதான் இங்க வந்தாங்க. நம்ம ஏழ்மை யாருக்கெல்லாம் உதவியிருக்கு பாரு.

4 ரூபாய்க்கு ஆடினவனும் 40 ரூபாய்க்கு ஆடினவனும் ஏறக்குறைய ஒண்ணாத்தான் ஆடினாங்க. 400 ரூபாய்க்காரன்தான் மோசமா ஆடினான். கண்ணு பந்துல இல்லை, 400 ரூபாயில இருந்துச்சு. எண்ணைச் சொல்லுன்னா அவன் அஞ்சு மாசத்துக்குள்ள எந்தெந்தக் கடனை அடைக்கலாம்னு எண்ணிக்கிட்டு இருந்திருப்பான். இந்தக் கட்டுரை 2009-ல வெளிவந்துச்சு. பேத்தி வாசிச்சப்ப நான் தூக்கத்தை மறந்து எழுந்து உக்காந்துட்டேன். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முன்னாடி பிள்ளைகிட்ட, "நிறைய மார்க்கு வாங்கினா பைக்கு"ன்னு சொல்ற அப்பன்மாரை எல்லாம் வரிசையில நிக்க வச்சு இதைப் படிச்சுக் காட்டணும்.

ஆனா ஒண்ணு, நான் பாதியைச் சொல்லி உன்னை ஏமாத்தப்படாது. அதே ஆளுக அமெரிக்காவுல காலேஜ் பசங்களை வச்சும் பாத்தாங்க. புத்தியே வேண்டாம், ரெண்டு பொத்தானை மாத்தி மாத்தித் தட்டுங்கிற வேலைக்குக் காசு கூடக்கூட வேகம் கூடுச்சு. கணக்குப் போடுற வேலைக்கு, காசு கூடினதும் குறைஞ்சுது. அதனால பீஸ் ரேட்டே பாவம்னு நான் சொல்லலை. நேர்த் தையல் ஓட்டுறவனுக்கு அது ஓடும். கட்டிங் மாஸ்டருக்கும், சாம்பிள் தைக்கிற டெய்லருக்கும், செக்கிங்ல நிக்கிற பொம்பளைப் பிள்ளைக்கும் அதையே போட்டுட்டு, "ஏன் ரிஜக்ட் வருது"ன்னு கத்துறியே, அதுக்குத்தான் சொல்றேன்.

லேட்டா வந்தா பிடித்தம்னு போர்டு மாட்டி வச்சிருக்கே. இஸ்ரேல்ல ஹைஃபாங்கிற ஊருல குழந்தைக் காப்பகங்கள்ல அப்படித்தான் செஞ்சு பாத்தாங்க. சாயந்தரம் பிள்ளையைக் கூப்பிட 10 நிமிஷத்துக்கு மேல லேட்டா வந்தா 10 ஷெகல் அபராதம். லேட்டா வர்றவங்க ஏறத்தாழ ரெண்டு மடங்கு ஆயிட்டாங்க! முன்னாடி டீச்சரம்மா காத்திருப்பாங்களேன்னு கூச்சம் இருந்துச்சு. அதுக்கு ஒரு விலை போட்டதும், காசு கொடுத்தாச்சு, அப்புறம் என்ன கூச்சம்னு ஆயிருச்சு. அபராதத்தை எடுத்த பிறகும் கூச்சம் திரும்பி வரலை. 2000-ல வந்த ஆராய்ச்சி. கூச்சத்தை ஒரு தடவை வித்துட்டா அதைத் திருப்பி வாங்க முடியலை பாத்துக்க.

இன்னொண்ணு சின்னப் பிள்ளைக சமாச்சாரம். ஸ்டான்போர்டுல பாலர் பள்ளியில, படம் வரையிறதுல பிரியமா இருந்த பிள்ளைகளைப் பிரிச்சு, ஒரு கூட்டத்துக்கு, "வரைஞ்சா தங்க நட்சத்திரம் ஒட்டின சான்றிதழ் தருவோம்"னு முன்கூட்டியே சொன்னாங்க. வரைஞ்சுதுக, வாங்கிக்கிச்சுக. ரெண்டு வாரம் கழிச்சுப் பாத்தா, அந்தப் பிள்ளைக பேனாவைத் தொடுற நேரம் மத்ததுகளை விடப் பாதியாக் குறைஞ்சு போச்சு. சொல்லாம கொள்ளாம திடீர்னு பரிசு வாங்கின பிள்ளைகளுக்கு ஒண்ணும் ஆகலை, அதுக பாட்டுக்கு வரைஞ்சுக்கிட்டு இருந்துச்சுக. "இம்மாத சிறந்த தொழிலாளி"ன்னு நீ மாட்டி வச்ச போட்டோ சட்டத்தைக் கழட்டிரு. ஆர்டர் நல்லபடியா முடிஞ்ச அன்னைக்கு, முன்னால அறிவிக்காம எல்லாருக்கும் பிரியாணி போடு.

இப்ப ஒரு பெரிய மனுசன் கதை. பிரெடெரிக் டெய்லர். உன்னை மாதிரி முதலாளிகளுக்கெல்லாம் பாட்டன். பெத்லஹேம் இரும்புக் கம்பெனியில ஆளுக ஒரு நாளைக்குச் சராசரி பன்னண்டரை டன் இரும்புப் பாளத்தைச் சுமந்து வண்டியில ஏத்திக்கிட்டு இருந்தாங்க. ஒவ்வொரு பாளமும் 92 பவுண்டு. டெய்லர் ஒருத்தனைப் பொறுக்கி எடுத்து, "நட"ன்னா நட, "உக்காரு"ன்னா உக்காருன்னு பழக்கி, நாளுக்கு 47 டன்னுக்கு மேல ஏத்த வச்சாரு. கூலி 1.15 டாலர்ல இருந்து 1.85 ஆச்சு. வேலை கிட்டத்தட்ட நாலு மடங்கு, கூலி ஒண்ணரையைத் தாண்டின கையோட நின்னுக்கிச்சு. 1911-ல எழுதின புஸ்தகத்துல அவனுக்கு ஷ்மிட்னு பேர் வச்சு, இந்த வேலைக்கு ஏத்தவன் புத்தியில எருதை ஒத்திருக்கணும்னும் எழுதினாரு. அவன் நிசப் பேரு ஹென்றி நோல். மாட்டுக்காவது நாங்க லட்சுமின்னும் செவலைன்னும் பேர் வச்சோம். அங்க பேரையே மாத்திட்டாங்க.

அதே புஸ்தகத்துல டெய்லர் போறபோக்குல ஒரு சேதி சொல்லிட்டுப் போறாரு. அந்த ஆளு துண்டு நிலம் வாங்கி, காலையில வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியும் சாயந்தரம் போன பிறகும் தன் வீட்டுக்குச் சுவர் எழுப்பிக்கிட்டு இருந்தானாம். பகல் பூரா சுமந்துட்டு, ஒரு மைல் தூரம் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாப் போவானாம். யோசிச்சுப் பாரு மாப்ள. அந்த ஓட்டத்துக்கு யாரு தார்க்குச்சி வச்சிருந்தது? எருது வீடு கட்டுமா? டெய்லர் கையில கடியாரம் இருந்துச்சு, அதுல இரும்பு தெரிஞ்சுது, சுவர் தெரியலை. உன்கிட்ட நூத்துச்சொச்சம் பேரு இருக்காங்க. ஒவ்வொருத்தனுக்கும் ஊருல ஒரு சுவரு பாதியில நிக்குது. தங்கச்சி கல்யாணம், அப்பன் கடன், தம்பி காலேஜு. ஊக்கம் அங்க ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. அதை உன்னால உண்டாக்க முடியாது. கெடுக்க முடியும், அதுல நீ கெட்டிக்காரன்.

எப்படிக் கெடுக்குறேன்னு கேளு. சிகாகோ பக்கத்துல வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியோட ஹாத்தார்ன் ஆலை. 1924-ல இருந்து 1932 வரைக்கும் அங்க சோதனை மேல சோதனை. விளக்கைக் கூட்டினாலும் உற்பத்தி கூடுச்சு, குறைச்சாலும் கூடுச்சுன்னு ஊரெல்லாம் சொல்வாங்க. பின்னாடி பழைய கணக்கைத் தோண்டினவங்க, அம்புட்டு அழகா ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. அஞ்சு பொம்பளைப் பிள்ளைகளைத் தனி அறையில உக்கார வச்சு, ஓய்வு கொடுத்து, சுதந்திரம் கொடுத்து, அதனாலதான் வேலை பெருகுச்சுன்னு பெருமையா எழுதினாங்க. அதுல ரெண்டு பேரை 1928-ல நிறைய வாயாடுதுகன்னு வெளிய அனுப்பிட்டு வேற ஆள் போட்டதைச் சத்தம் குறைச்சுச் சொன்னாங்க. முதலாளி கொடுக்குற சுதந்திரம் அந்த அளவுதான்.

எனக்குப் பிடிச்சது கடைசிச் சோதனை. 14 ஆம்பளைக, டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு ஒயர் கட்டுற அறை. கூடச் செஞ்சா கூடக் காசு. ஆனா ஒருத்தனும் கூடச் செய்யலை. ஒரு நாளைக்கு இம்புட்டுன்னு அவங்களுக்குள்ள ஒரு கணக்கு. எவனாவது வேகம் காட்டினா, பக்கத்துல இருக்கிறவன் புஜத்துல ஓங்கி ஒரு குத்து விடுவான். ஒரு நாள் கூடுதலாச் செஞ்சதை மறைச்சு வச்சு மறுநாள் கணக்குல காட்டுவாங்க. சோம்பேறின்னு நினைப்பியா? கிடையாது. ஒருத்தன் வேகமாச் செஞ்சு காட்டினா, நாளைக்கு முதலாளி ரேட்டைக் குறைச்சிருவான், எல்லாரும் அதே காசுக்கு ரெண்டு மடங்கு உழைக்கணும். இந்தப் பயம்தான்.

போன வருஷம் அந்த ஓவர்லாக் பையன் டஜன் கணக்குல கூடத் தைச்சு வாரச் சம்பளம் நிறைய வாங்கினான்னு, "இவ்வளவு ஈசியாத் தைக்கிறானா"ன்னு பீசுக்குச் சில்லறையைக் குறைச்சியே, ஞாபகம் இருக்கா? நீயே பெருமையாச் சொன்ன கதை, இதே திண்ணையில. அன்னைக்கு நூத்துச்சொச்சம் பேரு ஒரே நேரத்துல ஒரு பாடம் படிச்சாங்க. அதை அழிக்க ரெண்டு மணி நேரப் பேச்சு பத்தாது. ரெண்டு வருஷம் பேசினாலும் பத்தாது.

பேச்சால ஒண்ணுமே நடக்காதான்னு கேட்டா, நடந்த இடமும் ஒண்ணு இருக்கு. டேவிட் மெக்லெலண்ட்னு ஹார்வர்டு வாத்தியார் 1960-கள்ல ஆந்திராவுல காக்கிநாடா வியாபாரிகளைக் கூட்டி, சாதிக்கணும்ங்கிற எண்ணத்தை வளக்கப் பயிற்சி கொடுத்தாரு. பலபேரு அதுக்கப்புறம் தொழிலைப் பெருக்கினாங்க, புதுசா ஆள் சேர்த்தாங்க. 1969-ல அதைப் புஸ்தகமாவும் போட்டாரு. ஆனா பலன் யாருகிட்ட தெரிஞ்சுது தெரியுமா? கடைச் சாவியைக் கையில வச்சிருந்த ஆளுககிட்ட. முடிவெடுக்க முடிஞ்சவனுக்கு ஊக்கம் வந்தா ஏதாவது செய்வான். முடிவெடுக்க முடியாதவனுக்கு ஊக்கம் வந்தா ரயில் டிக்கெட் எடுப்பான். அதனால பேச்சாளரைக் கூப்பிடு, வேண்டாங்கலை. தொழிலாளியை உக்கார வைக்காத. நீயும் உன் பார்ட்னரும் சூப்பர்வைசரும் முன் வரிசையில உக்காந்து கேளுங்க.

காசு மிச்சமானா காலை டிபன் போடு, இட்லின்னாலும் ரொட்டின்னாலும் அவன் சாப்பிடுறதைப் போடு. கக்கூஸுக்குத் தண்ணி வர வை. சனிக்கிழமை சம்பளத்தைச் சனிக்கிழமையே கொடு, "செக் வரலை"ன்னு திங்களுக்குத் தள்ளாத. எந்த பண்டலை யாரு முதல்ல எடுக்கணும்னு அந்த லைன்ல உக்காந்திருக்கிறவங்களையே முடிவு பண்ண விடு, அவங்களுக்கு உன்னை விட நல்லாத் தெரியும். முக்கியமா, இந்த பீஸ் ரேட்டை அடுத்த தீபாவளி வரைக்கும் குறைக்க மாட்டேன்னு தமிழ்லயும் ஹிந்திலயும் ஒடியாலயும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கதவுல ஒட்டு. எவன் எவ்வளவு கூடத் தைச்சாலும் அதைக் காப்பாத்து. வயிறு எரியும், தெரியும். பொறுத்துக்க. தீபாவளி முடிஞ்சு கணக்கைப் பாத்துட்டு எனக்குப் போன் போடு. ராத்திரி ஒம்பது மணிக்கு மேல வேண்டாம், உங்க அத்தை சீரியல் பாப்பா. அந்த நேரம் நான் நிசமாவே தூங்கிருவேன்.